மெஷின் ரூமின் இரும்புத் தட்டு

மாத்தளை டவுனில் ஒரு பழைய தியேட்டருக்குள் நான் இரசாயனவியல் டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். தியேட்டர் என்று ஊரார் இன்னும் சொன்னாலும் அங்கே படம் ஓடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கதிரைகளை எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். திரை இருந்த பக்கம் முழுக்க உரிமையாளர் ஹாஜியாரின் மிளகு, கராம்பு மூட்டைகள். வாசல் பக்கத்துப் பாதி சனி, ஞாயிறு பின்னேரங்களில் எனக்கு. வாங்குகளை நெருக்கிப் போட்டால் நூற்றைம்பது பிள்ளைகள் இருக்கலாம். கரும்பலகையை மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்தியிருந்ததால் பிள்ளைகள் என்னைப் பார்த்து இருப்பார்கள். நான் அவர்களுடைய தலைகளுக்கு மேலால், வாசலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் பின்சுவரைப் பார்த்து நிற்பேன்.

அந்தச் சுவருக்கு அப்பால்தான் மெஷின் ரூம். சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள் உண்டு. பெரியது மெஷினின் வெளிச்சம் வருவதற்கு, சிறியது மெஷின்காரர் எட்டிப் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் மேலிருந்து கீழிறங்கும் தடித்த இரும்புத் தட்டுகள் போட்டிருந்தார்கள். நான் அங்கே வகுப்புத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு தட்டுகளும் இறங்கியபடியே இருந்தன. போன வருடம் மார்ச் மாத வெயிலில் ஒரு சனிக்கிழமை, சமன்பாடு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்புகிறேன், பெரிய ஓட்டையின் தட்டு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் தங்கை சொல்வாள். இருபது வருடமாகப் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்கிறவளுக்கு வேறு என்ன புத்தி வரும்? எந்தப் பிள்ளை யோசிக்கக் கழுத்தைத் திருப்புகிறது, எந்தப் பிள்ளை பார்த்து எழுதத் திருப்புகிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அன்று முழுக்க அந்த ஒரு சாண் இருட்டைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன். மறுநாளும் தட்டு மேலேதான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை இறங்கியிருந்தது. யாரோ மேலே போய் வருகிறார்கள்.

மெஷின் ரூமுக்கு உள்ளே இருந்து வழி கிடையாது. கட்டடத்தின் பக்கத்து ஒழுங்கையில் தனியாக ஒரு இரும்புப் படிக்கட்டு இருக்கிறது. அதன் சாவி காவல்காரரிடம். அவர் எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆள், வயது அறுபதைத் தாண்டியிருக்கும், மெலிந்தவர், எப்போதும் சேர்ட்டின் கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருப்பார். காலையில் வந்து மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு, பின்னேரம் கடைசி பஸ்ஸுக்கு முன் போய்விடுவார் என்றுதான் ஹாஜியார் எனக்குச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, மேல ரூமத் தொறந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்களே டீச்சரம்மா. அது பூட்டியே கெடக்குதுங்க."

"தட்டு ஏறியிருந்துச்சே?"

"எலிதாங்க. பெரிய பெரிய எலியா ஓடுது."

எலி தூக்குகிற பாரம் அல்ல அது. ஆனால் அவர் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். அதற்கடுத்த கிழமை வகுப்பு தொடங்க முன்னமே, கொஞ்சம் வேளைக்கே போனேன். ஒழுங்கைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு துணிப்பையும் ஒரு போத்தலுமாகப் படியேறிக்கொண்டிருந்தார். போத்தலை மறைத்துப் பிடித்திருந்தார். கசிப்பு, கள்ளச் சாராயம் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். படிக்கிற பிள்ளைகளின் தலைக்கு மேலே இருந்து கசிப்பு விற்கிறார் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

மணம் வரத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். தட்டு ஏறியிருக்கும் நாட்களில் மட்டும் வரும். கற்பூரத்தையும், மழையில் நனைந்து காயாத காலுறையையும் ஒன்றாகப் போட்டுப் பூட்டி வைத்த மாதிரி ஒரு மணம். கராம்பு மூட்டைகளின் காரத்துக்குள் அது கலந்து வந்ததால் பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை. கசிப்பு அப்படி மணக்காது. அந்த மணத்தை எங்கோ படித்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது. எங்கே என்று நினைவு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை ஒருத்தி வந்து கையை நீட்டினாள். "மிஸ், இது என் கொப்பி மேல விழுந்துச்சு. மேலருந்து வந்திருக்கும்போல."

விரல் நீளத்துக்கு ஒரு படச்சுருள் துண்டு. ஓரத்தில் எலி கடித்த அடையாளம் இருந்தது, அந்த அளவுக்குக் காவல்காரர் பொய் சொல்லவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உருவம் எதுவும் தெரியவில்லை. மங்கிய பழுப்பு நிறம், தொட்டால் பிசுபிசுப்பு. மூக்கருகே கொண்டு போனதும் அதே மணம்.

செலுலோஸ் நைட்ரேட். வருடா வருடம் அதன் கட்டமைப்பைக் கரும்பலகையில் வரைகிறவள் நான். அந்தக் காலத்தில் படச்சுருளை இதில்தான் செய்தார்கள், தியேட்டர்கள் எரிந்ததற்கு இதுதான் காரணம், பிறகு கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். கண்ணால் கண்டதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினிக்குப் பின்னால் உடுப்புத் துவைக்கும் கல்லின் மேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். நகத்தளவு துண்டை வெட்டி நெருப்புக்குச்சியைக் காட்டினேன். பிடித்தது என்று சொல்ல நேரமில்லை. மஞ்சளாக ஒரு வீச்சு, அவ்வளவுதான், கல்லில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிச்சத் துண்டைக் குறட்டால் பிடித்துப் பற்றவைத்து அப்படியே வாளிக்குள் அமுக்கினேன். தண்ணீருக்கு அடியிலும் எரிந்தது. குமிழி விட்டுப் புகை கக்கிக்கொண்டு, முடியும் வரை எரிந்தது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! குறட்டைப் போட்டுவிட்டுக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நகத்துண்டு இப்படி என்றால் மேலே எவ்வளவு இருக்கிறது?

மறுநாள் பாடசாலை விட்டதும் ஹாஜியாரின் கடைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தன் கட்டடத்தைப் பற்றி யார் எது சொன்னாலும் சொல்கிற ஆளுக்கு அதில் என்ன லாபம் என்று முதலில் யோசிப்பார்.

"மணமா? அது கராம்பு வாசம் டீச்சர். எங்கட ஸ்டோர்ல கராம்பு ஈக்கிறது ஊருக்கே தெரியுமே."

"கராம்பு இல்ல ஹாஜியார். மேல பழைய படச்சுருள் இருக்கு. சூட்டுக்குத் தானாவே பத்தும். ஒருக்கா தொறந்து பாக்கணும்."

"தியேட்டர மூடக்கொள்ளயே எல்லாத்தயும் அனுப்பியாச்சு. மேல ஒண்ணுமில்ல." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "புதுசா மாடி கட்டினவரு ஒங்களக் கூப்பிட்டாரா?"

டவுனில் இன்னொருவர் புதிதாக டியூஷன் கட்டடம் ஒன்று கட்டியிருந்தார். நான் அங்கே போவதற்குச் சாட்டுத் தேடுகிறேன் என்று இவர் நினைக்கிறார். இல்லை என்றேன். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கட்டடம் எவ்வளவு பத்திரமானது என்று காட்டுவதற்காகச் சுவரில் தொங்கிய ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் தூசி தட்டி என் கையில் தந்தார். அவருடைய வாப்பாவின் பெயரில் கொடுத்திருந்த பழைய தியேட்டர் லைசன்ஸ். இங்கிலீஷில் அச்சடித்த நிபந்தனைகள் பொடி எழுத்தில் கீழ்வரை ஓடின.

கடையில் நின்றபடியே வாசித்தேன். ஆட்கள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவும் பூட்டியிருக்கக் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகவே திறக்க வேண்டும். மெஷின் ரூமுக்குப் பொதுமக்கள் இருக்கும் பக்கத்திலிருந்து வழி இருக்கக் கூடாது. ஓட்டைகளுக்கு இரும்புத் தட்டுப் போட்டு, நெருப்புப் பிடித்தால் உடனே விழும்படி நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளே புகைக்கக் கூடாது. சுருள்களை இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மணல் வாளி, தண்ணீர் வாளி, நனைத்த கம்பளி. எங்கேயோ நிறையப் பேர் செத்த பிறகுதான் ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"பக்கத்துக் கதவு ரெண்டும் பூட்டிக் கெடக்கே ஹாஜியார்?"

"மிளகு களவு போகுது. தொறந்து வெக்க ஏலுமா?"

"இதுல பூட்டக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"இது தியேட்டருக்கு உள்ள சட்டம் டீச்சர்." கண்ணாடிச் சட்டத்தை மெதுவாக வாங்கி மறுபடி மாட்டினார். "இப்ப தியேட்டர் இல்லயே."

படம் பார்க்க வந்தவர்களுக்காக எழுதிய சட்டம், படிக்க வரும் பிள்ளைகளுக்குச் செல்லாது. அவர் ஏதோ ஒன்றை மறைக்கிறார், காவல்காரரும் அவரும் ஒரே கட்சி என்று அங்கிருந்து வரும் வழியிலேயே எனக்கு உறுதியாகிவிட்டது. அன்று பின்னேரமே மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். சுருளைப் பற்றி எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில், அந்த அறையில் வேறு ஏதோ நடப்பதாகவும் சந்தேகம் இருக்கிறது, காவல்காரரை விசாரித்தால் தெரியும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி தேவையே இல்லை. சுருள் இருக்கிறது என்பதே போதும். இருந்தும் எழுதினேன்.

அந்தக் கிழமை சனி, ஞாயிறு வகுப்புகளை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அதற்குள் சபையிலிருந்து பார்க்க வரப் போகிறார்கள் என்று ஹாஜியாருக்குத் தகவல் போய்விட்டது. எனக்குப் போன் பண்ணினார்.

"யாரோ எழுதிப் போட்டிக்கிறாங்க டீச்சர். அந்த மாடிக்காரன்ட வேலதான் இது. எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்படியும் இருக்கலாம்" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஒன்றுமறியாத ஒரு மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் தீயணைப்பு அதிகாரி வந்தார். சிங்களவர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். ஹாஜியார் என்னையும் வரச்சொல்லியிருந்தார், வகுப்பு நடத்துகிறவள் நல்லபடி நாலு வார்த்தை சொல்வாள் என்ற நம்பிக்கையில். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். படிக்கட்டுக்கடியில் நின்று அதிகாரி சாவியைக் கேட்டார். காவல்காரர் தொலைந்துவிட்டது என்றார். அப்படியென்றால் பூட்டை வெட்டுவோம் என்று அதிகாரி ஆளைக் கூப்பிட்டதும், காவல்காரர் மெல்ல இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார். என் சந்தேகம் சரியென்று அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கதவு திறந்தது. உள்ளே கசிப்பு இல்லை. ஒரு பாய், சுருட்டிய போர்வை, கயிற்றில் இரண்டு சேர்ட், சுவரில் ஒட்டிய முருகன் படம், ஓர் அலுமினியப் பானையில் பாதிச் சோறு. நான் பார்த்த போத்தல் மூலையில் இருந்தது, அதில் மண்ணெண்ணெய். மனிதர் அங்கே குடியிருந்திருக்கிறார். கடைசி பஸ்ஸுக்குப் போகவே இல்லை. பெரிய ஓட்டையின் தட்டைக் கம்பியால் இழுத்து ஆணியில் கட்டியிருந்தார். சமைக்கிற புகை வெளியே போவதற்காக. முன்பெல்லாம் வகுப்பு நாட்களில் இறக்கிவிட்டிருப்பார், மார்ச் வெயிலில் அது முடியாமல் போயிருக்கும்.

மண்ணெண்ணெய் அடுப்பு தரையில் இல்லை. அகலமான தகரப் பெட்டிகள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் வைத்திருந்தார். அதே மாதிரி, படச்சுருள் வைக்கும் தட்டையான வட்டப் பெட்டிகள் சுவரோரம் இரும்பு அலுமாரியில் ஏழெட்டு இருந்தன. ஒன்றின் மூடி துருப்பிடித்துப் பிளந்து, உள்ளேயிருந்து பழுப்புத் தூள் கொட்டியிருந்தது.

அதிகாரி குனிந்து அடுப்புக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். தொடவில்லை. நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எல்லாரும் கீழ போங்க. ஓட வேண்டாம். மெதுவா போங்க."

ஒழுங்கையில் நின்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்ப் பக்கத்துக் கதவுகளின் பூட்டுகளைப் பார்த்தார். நூல் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருந்தால் தட்டு விழாது, நெருப்பு நேரே மண்டபத்துக்குள் வரும் என்று விளக்கினார். கடைசியாக முன்வாசலுக்கு வந்து நின்றார். உட்பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு.

"இத யார் பூட்டுறது?"

நான்தான் பேச வேண்டியிருந்தது.

"நான்தான் சேர். வகுப்புத் தொடங்கிப் பத்து நிமிஷத்துல பூட்டிருவேன். பிந்தி வர்ற பிள்ளைகள் உள்ள வராம இருக்க."

"சாவி?"

"என் ஹேண்ட்பேக்ல."

"ஹேண்ட்பேக் எங்க இருக்கும்?"

"கரும்பலகை கிட்ட."

அவர் அங்கிருந்து கரும்பலகை வரைக்கும் பார்த்தார். நூற்றைம்பது பிள்ளைகளைத் தாண்டி வர வேண்டிய தூரம். எழுதிக்கொண்டார். அத்தனை நாளும் அடுத்தவர்களின் பூட்டை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர என் பூட்டு எனக்குப் பூட்டாகவே தெரியவில்லை. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அவர் சாதாரணமாக, பாராட்டுகிற மாதிரிக் கேட்டார்:

"ஆனா கடிதம் எழுதினது நீங்கதானே டீச்சர்? நல்ல நேரத்துல எழுதினீங்க."

ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப மாடிக்காரன் இல்ல" என்றார் தமிழில். அதற்குமேல் அன்று என்னோடு பேசவில்லை. காவல்காரரிடம் போனார். "எத்தின நாளா இங்க தங்கி ஈக்கிறீங்க?"

"மூணு வருசமா மொதலாளி. மகன் கல்யாணம் கட்டினதும் லயத்து ஒத்தக் காம்பரா வீட்டுல எடமில்லாமப் போச்சு. சொன்னா அனுப்பிருவீங்கன்னு..."

"சொல்லிருந்தா கீழ ஒரு எடம் தந்திருப்பேனே!" ஹாஜியாரின் குரல் உடைந்தது. கோபமா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படித் தந்திருப்பாரா என்பதையும் என்னால் சொல்ல முடியாது.

சுருள்களைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் அமிழ்த்தி லொறியில் கொண்டு போனார்கள். ஆளில்லாத கல்லுடைக்கும் இடமொன்றில் எரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த மெஷின் ரூமைக் கட்டடத்தோடு சேர்த்து மூடி முத்திரை வைத்தார்கள். காவல்காரர் தன் பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு படியிறங்கியபோது நான் அங்கே நிற்கவில்லை. நிற்க முடியாமல் முன்பே கிளம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் வகுப்பு மறுபடி தொடங்கியது. ஹாஜியார் பக்கத்துக் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி போட்டுக் கொடுத்தார். மிளகு மூட்டைகளுக்குத் தனியாக வலையடித்தார். எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். என்னோடு மட்டும் முன்பு மாதிரிப் பேசுவதில்லை. முன்வாசலை நான் இப்போது பூட்டுவதில்லை. பிள்ளைகள் பிந்தி வருகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

காவல்காரரை மறுபடி எடுக்கச் சொல்லி ஹாஜியாரிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை பார்ப்போம் என்றார். இரண்டாம் தடவை, "நம்பிக்க போனா போனதுதான் டீச்சர்" என்றார். அதை யாரைப் பற்றிச் சொன்னார் என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

போன கார்த்திகையில் பஸ் ஸ்டாண்ட் வாங்கில் காவல்காரர் உட்கார்ந்திருக்கக் கண்டேன். அதே மாதிரிக் கழுத்து வரை பட்டன் போட்ட சேர்ட். நான்தான் போய்ப் பேசினேன். யட்டவத்தப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் காவலுக்கு இருப்பதாகச் சொன்னார். தங்குவதற்கு அறை கொடுத்திருக்கிறார்களாம். மனதில் இருந்ததை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே, நீங்க அங்க தங்கியிருந்தது எனக்குத் தெரியாது. அந்தச் சுருளுக்காகத்தான் எழுதினேன். பெரிய ஆபத்து அது. நீங்களே செத்திருப்பீங்க."

அவர் கோபப்படவில்லை. "மூணு வருசம் அது மேல வச்சித்தான் சோறாக்குனேன் டீச்சரம்மா. ஒரு நாளும் பத்தலியே. என்னைய வெரட்டுறதுக்கு ஒரு சாட்டு வேணும், அவ்வளவுதானே?"

நான் வாளித் தண்ணீருக்குள் எரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். வகுப்பில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருப்பது பாதியில் எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டேன். கடிதத்தின் கடைசி வரியைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை. சொன்னால் அவருடைய சந்தேகம் சரி என்று ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் அது சரிதான். பேச்சை மாற்ற வேறொன்றும் கிடைக்காமல் கேட்டேன்:

"அங்க சமையல் எப்படி? அடுப்பு எங்க வச்சிருக்கீங்க?"

அக்கறையோடுதான் கேட்டேன். அவர் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஏன் டீச்சரம்மா, அங்கயும் எழுதிப் போடப் போறீங்களா?"

யட்டவத்த பஸ் வந்து நின்றது. அவர் ஏறி, எனக்கு மறுபக்கம் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.